மறக்கப்பட்டோர்

பெருநகரங்களின் பொலிவைப் பேசும் வரலாற்று நூல்கள் பல உள. அந்நகரங்களின் குப்பை மேடுகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசுவன மிகச் சிலவே. அச்சிலவற்றுடன் வைத்து எண்ணத்தக்கது, 1950 ஆம் ஆண்டில் மெக்சிகோவில் வெளிவந்த ‘லாஸ் ஒல்விதாதோஸ்’ என்னும் ஸ்பானிய மொழித் திரைப்படம். ‘மறக்கப்பட்டோர்’ என்பது அத்தொடரின் பொருள்.

இதனை இயக்கியவர் லூயி புனுவேல். 1900 ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் பிறந்த இவர், உள்நாட்டுப் போருக்குப் பின்னர்த் தாயகம் திரும்ப இயலாதவராகி, 1946 இல் மெக்சிகோவை அடைந்தார். அந்நாடு அப்போது தொழில் வளர்ச்சியில் முனைந்திருந்தது. சிற்றூர் மக்கள் பிழைப்பு நாடித் தலைநகரில் குவிந்தனர். குடிசைப் பகுதிகள் பெருகின. புனுவேல் எளிய உடையணிந்து அப்பகுதிகளில் பல மாதங்கள் சுற்றி அலைந்தார், மக்களோடு பேசினார், குற்றம் புரிந்த சிறுவர்களைப் பற்றிய பதிவேடுகளைப் படித்தார். அவ்வாறு திரட்டிய செய்திகளே கதைக்கு அடிப்படையாயின.

கதையின் நடுவே நிற்பவன் பேத்ரோ என்னும் சிறுவன். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி வந்த கைபோ என்பான், தன்னைக் காட்டிக் கொடுத்தவன் எனக் கருதி வேறோர் இளைஞனைக் கொல்கிறான். அக்கொலையைக் கண்ட பேத்ரோ, அச்சத்தால் வாய்மூடி நிற்கிறான். அவன் வேண்டுவது தாயின் அன்பு ஒன்றே. பசித்து வந்த மகனுக்கு அவள் உணவு தர மறுக்கிறாள். அவளோ தன்னைக் காத்துக்கொள்ளவும் அறியாத இளம்பருவத்தில் தாயாக்கப்பட்டவள். அன்பு பெறாதவள் அன்பைக் கொடுப்பது எங்ஙனம்?

ஆசிரியர்கள் ஊன்றி நோக்கத்தக்க பகுதி இதன் பின்னர் வருகிறது. செய்யாத திருட்டுக்காகப் பேத்ரோ ஒரு பண்ணைப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான். அங்கே சினம் மிகுந்து கோழிகளை அடித்துக் கொல்கிறான். தலைமையாசிரியர் அவனைத் தண்டித்துத் திருத்த முற்படவில்லை. அவன் கையில் ஐம்பது பெசோ பணத்தைக் கொடுத்து, கடைக்குச் சென்று சிகரெட் வாங்கி வருமாறு பணித்து, வாயிற்கதவைத் திறந்து விடுகிறார். தன்னை ஒருவர் நம்பினார் என்ற மகிழ்ச்சி அச்சிறுவன் முகத்தில் மலர்கிறது. அவன் மீண்டு வரவே எண்ணினான். ஆனால், வெளியே காத்திருந்த கைபோ அப்பணத்தைப் பறித்துக் கொள்கிறான். முடிவில் அவன் கையாலேயே பேத்ரோ மாண்டு போகிறான். கண்டெடுத்தவர்கள், பழி தம்மேல் விழுமென அஞ்சி, அவ்வுடலைக் கழுதைமேல் ஏற்றிச் சென்று குப்பைச் சரிவில் உருட்டி விடுகின்றனர். வழியில், மனம் மாறி மகனைத் தேடி வரும் தாய், அச்சுமை இன்னதென்று அறியாமலே கடந்து செல்கிறாள்.

இப்படத்தை மெக்சிகோ எவ்வாறு ஏற்றது? படப்பிடிப்பின் போதே எதிர்ப்புத் தோன்றிற்று. மெக்சிகோத் தாய் எவளும் தன் மகனுக்கு உணவு மறுக்க மாட்டாள் என்று கூறிச் சிகையலங்காரப் பெண் ஒருவர் வேலையைவிட்டு விலகினார் எனப் புனுவேல் பின்னாளில் எழுதியுள்ளார். 1950 டிசம்பரில் திரையிடப்பட்ட படம், சில நாள்களிலேயே அரங்கிலிருந்து எடுக்கப்பட்டது. நாட்டை இழிவுபடுத்தினார் எனப் பலர் சினந்தனர். 1951 இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான பரிசு புனுவேலுக்குக் கிடைத்தது. அங்கே இப்படத்திற்காக வாதாடியவர், அந்நாட்டுக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ். அதன் பின்னரே தாயகமும் படத்தை மதிக்கத் தொடங்கியது. 2003 இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை ‘உலக நினைவுப் பதிவேட்டில்’ சேர்த்தது.

பேத்ரோ உயிருடன் பள்ளிக்குத் திரும்புவதாக மற்றொரு முடிவும் படமாக்கப்பட்டிருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் அது கண்டெடுக்கப்பட்டது. அதனை வெளியிட்டிருந்தால் மக்கள் மனநிறைவுடன் வீடு சென்றிருப்பர். குப்பை மேட்டுப் பிள்ளைகளை மீண்டும் மறந்திருப்பர்.

பண்ணைப் பள்ளித் தலைமையாசிரியரின் நம்பிக்கை பொய்க்கவில்லை, பேத்ரோவும் பொய்க்கவில்லை. பள்ளி வாயிலுக்கு அப்பால் அவனைக் காக்க ஒருவரும் இல்லாமையே அவனை வீழ்த்தியது. வகுப்பறையில் ஆசிரியர் ஊட்டும் நம்பிக்கை, மாணவன் நடந்து செல்லும் தெருவிலும் அவன் உறங்கும் வீட்டிலும் துணை பெறுதல் வேண்டும். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் தொடர்ந்து விடுபடுமாயின், அப்பிள்ளை எங்கே என்று தேடிச் செல்வது ஆசிரியரின் கடமை. அவரோடு உடன் செல்வது சமுதாயத்தின் கடமை. மறக்கப்பட்டவர்களை நினைவிற் கொள்வதே அவர்களைக் காப்பதற்குரிய முதற்படியாகும்.