சமுதாயத்தின் தாத்தா: இரட்டைமலை சீனிவாசனாரின் நகைமுகமும் நெஞ்சுரமும்

ஒரு குடும்பத்தில் தந்தை கண்டிப்புக்கு உரியவர். தாத்தாவோ சிரிப்புக்கு உரியவர். திருவண்ணாமலையைச் சூழ்ந்த நம் ஊர்களில் இதனை அறியாதார் இலர். கார்த்திகைத் தீபத்தன்று பேரப்பிள்ளையைத் தோளில் ஏற்றி மலையுச்சிச் சுடரைக் காட்டுபவர் தாத்தா. கூத்தில் கண்ட கட்டியங்காரனைப் போலப் பேசிக் காட்டி வீட்டாரைச் சிரிக்க வைப்பவரும் அவரே. உழைத்துக் களைத்த உடலும், அவமதிப்பைத் தாங்கிய உள்ளமும் உடையவராயினும், பிள்ளைகளின் முன்னே அவர் முகம் மலர்ந்தே இருக்கும்.

இத்துணை நெருக்கமான உறவுப் பெயரைப் பொதுவாழ்வுப் பெரியார் ஒருவருக்கு நமது சமுதாயம் மனமுவந்து சூட்டியுள்ளது. அவரே தாத்தா இரட்டைமலை சீனிவாசனார். ராவ்சாகிப், ராவ்பகதூர், திவான்பகதூர் என்று அரசு அளித்த பட்டங்கள் பல. அவையெல்லாம் ஏட்டில் நிற்க, ‘தாத்தா’ என்ற பட்டமே மக்கள் நாவில் நிலைத்தது. நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அப்பெரியாரை நினைவுகூர்தல் நமது கடமையாகும்.

1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், செங்கற்பட்டுப் பகுதியில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் பெயர் இரட்டைமலை. கோயம்புத்தூரில் பயின்ற காலத்தைப் பற்றித் தாம் 1939இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் நூலில் அவர் எழுதியிருப்பது ஆசிரியத் தொழிலில் உள்ள நம் போன்றோர் நெஞ்சைப் பிழிவதாகும். அக்கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். உடன் பயில்வோரிடம் நட்புக் கொண்டால், எந்தச் சாதி, எந்தத் தெரு என்று கேட்பார்கள்; அறிந்தபின் இழிவாக நடத்துவார்கள். இவ்வச்சத்தால் அச்சிறுவர் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். பள்ளி விட்டதும் எவரும் தம்மை எட்டிப் பிடிக்காதவாறு வீட்டிற்கு விரைந்து நடப்பார்.

அவருக்குப் பாடம் மறுக்கப்படவில்லை. விளையாட்டே மறுக்கப்பட்டது. பிற பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாத அக்கொடுமையை எண்ணி எண்ணி மனங்கலங்கியதையும், அதனை வெல்லும் வழியை அந்நாளிலேயே தேடியதையும் முதுமையிலும் அவர் மறந்தாரில்லை. எண்பதாம் அகவையை எட்டிய ஒருவர், தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் இடம் ஒதுக்கிச் சொல்லத் தக்க துயரமாக அதனைக் கருதினார் என்பதிலிருந்தே அக்காயத்தின் ஆழம் விளங்கும்.

அவ்வாறு ஒதுங்கி நின்ற சிறுவர், பின்னாளில் எவர் முன்னும் ஒதுங்காத பெரியவரானார். நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனத்தில் கணக்கர் பணி புரிந்த பின், 1890இல் சென்னைக்கு வந்தார். பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ஓர் இதழைத் தொடங்கி அதற்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். வசையாக வீசப்பட்ட சொல்லையே எடுத்து, நான்கு பக்கத் திங்களிதழின் தலைப்பில் பொறித்துத் தெருவில் விற்ற துணிவை என்னென்பது! பகைவன் எறிந்த கல்லைக் கொண்டே வீட்டிற்குக் கடைக்கால் இட்ட குறும்பு அது. ‘நானே அவன்’ என்று முன்வந்து சொல்லாதவரையில் ஒருவனுக்கு உரிமையும் இல்லை, உயர்வும் இல்லை என்பது அவர் கருத்து. மூன்று திங்களில் அது வார இதழாக வளர்ந்தது; 1900 வரையில் நடைபெற்றது.

அதே 1893இல் மற்றொரு செயல் புரிந்தார். இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். அவ்வாறு நடத்தினால் ஆதிக்கச் சாதியாரே அதிகாரிகளாக நிறைந்து நம் மக்களை மேலும் ஒடுக்குவர் என்று அவர் அஞ்சினார். ஆகவே 3,412 பேர் ஒப்பமிட்ட எதிர்ப்பு மனுவைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு அனுப்பச் செய்தார். அம்மனுவின் நீளம் 112 அடி! நம் ஊரில் ஒரு தெருவின் ஒரு கோடியில் அதனை விரிக்கத் தொடங்கினால், பல வீடுகளின் வாயிலைக் கடந்து செல்லும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் ஒப்பங்கள் கடல் கடந்து சென்றதை எண்ணுந்தோறும் நம் உள்ளம் பூரிக்கின்றது.

1900ஆம் ஆண்டளவில் இலண்டன் செல்லும் எண்ணத்துடன் புறப்பட்டவர், தென்னாப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அந்நாளில் அங்கு வழக்கறிஞராக விளங்கிய காந்தியடிகளுக்குத் தமிழில் ‘மோ.க.காந்தி’ என்று கையொப்பமிடக் கற்பித்தவர் நம் தாத்தாவே. விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நின்ற மாணவர் ஆசிரியரானார். அவரிடம் எழுத்துக் கற்றவரோ உலகம் போற்றும் உத்தமரானார்!

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமனம் பெற்றார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோர் உட்பட எவரும் தடையின்றிப் புழங்கலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். திருவண்ணாமலையின் மாடவீதிகளில் இன்று நம் பிள்ளைகள் புத்தகப்பையுடன் நடக்கின்றனர். பதினான்கு கிலோமீட்டர் மலைவலப் பாதையில் எல்லோருடனும் கலந்து செல்கின்றனர். இவ்வாறு கால் பதிக்கும் உரிமைக்கு அடியில், அத்தீர்மானம் போன்றவை இட்ட கற்கள் உள்ளன என்பதனை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1930, 1931 ஆகிய ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் அவர் கலந்துகொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வரவேற்பில் தாம் தீண்டப்படாதவர் என்று எழுதிய அடையாளத்தை அணிந்து சென்றார் என்றும், மன்னர் கை நீட்டியபோது ‘என்னைத் தொடலாகாதே’ என்னும் பொருள்படக் கையை விலக்கினார் என்றும் நம் மக்கள் வழிவழியாகச் சொல்லி மகிழ்வர். தெருவில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் சாதியின் காரணமாகத் தூக்கிவிட மாட்டார்கள் என்று அவர் விளக்க, மன்னர் திடுக்கிட்டார் என்பர். நம் பகுதித் தெருக்கூத்தில் அரசனுக்கு அருகே நின்று, நகைச்சுவையால் உண்மையை உரைப்பவன் கட்டியங்காரன் அல்லனோ? உலகப் பேரரசன் ஒருவன் அவையில் நம் தாத்தா ஏற்றதும் அவ்வேடமே. ஆயினும் அவர் நகைப்பின் உள்ளே கண்ணீர் இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1935இல், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அப்போது தாத்தா கூறிய மறுமொழியிலும் அவரது தனிக்குறும்பு மிளிர்கின்றது. நாம் வருணத்திற்குப் புறம்பானவர்கள். உள்ளே இருந்தாலன்றோ வெளியேறுவதற்கு என்பது அவர் வாதம். கருத்தில் வேறுபட்டாலும் இருவரும் உரிமைப் போரில் ஒன்றுபட்டே நின்றனர். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் இருவருமே ஒப்பமிட்டனர்.

அவர் குடும்பமும் நினைவிற்குரியது. துணைவியார் அரங்கநாயகி அம்மையார். தமக்கையோ தங்கையோ என்று வேறுபடுத்தாது உடன்பிறந்தார் என்றே நாம் குறிக்கும் தனலட்சுமி அம்மையாரை மணந்தவர் பண்டிதர் அயோத்திதாசர். பண்டிதர் ‘பறையர்’ என்ற பெயரை ஏற்றாரல்லர். சீனிவாசனாரோ அதனையே கொடியாக உயர்த்தினார். ஒரே உறவு வட்டத்தில் இரு வழிகள். இரண்டும் மானத்தை நோக்கிய வழிகளே.

1945 செப்டம்பர் 18ஆம் நாள் தாத்தா மறைந்தார். சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் அவர் மறைவுக்குப் பின் 1947இல் வந்தது. நடுவண் அரசு 2000ஆம் ஆண்டில் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னை ஓட்டேரியில் அவர் துயிலும் இடமும், கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபமும் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன.

ஆயினும் அவர் தொடங்கிய பணி முடிந்துவிட்டதா? நம் மாவட்டத்தில் தண்டராம்பட்டை அடுத்த தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின் முதன்முறையாக நுழைந்தது 2023 ஜனவரி 30ஆம் நாளில்தான். அதுவும் காவல்துறைப் பாதுகாப்புடன்! சட்டம் பிறந்து 75 ஆண்டுகள் கடந்தும் வாயில் திறக்கக் காவல் தேவைப்பட்டது.

ஆகவே ஆசிரியர்களும் பெற்றோர்களும் ஒன்றினை உளங்கொள்ளுதல் வேண்டும். தேர்ச்சிப் பட்டியலை மட்டும் நோக்கி நாம் மனநிறைவு அடைதல் ஆகாது. விளையாட்டு வேளையில் மர நிழலில் தனித்து நிற்கும் பிள்ளை யார், ஏன் நிற்கிறது என்று காணும் கண் நமக்கு வேண்டும். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் வரும் பிள்ளையின் அச்சத்தைத் தாமதம் என்று தண்டித்தல் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே திடலில் கூடி ஓடிச் சிரிக்கும் நாளே தாத்தாவுக்கு நாம் எடுக்கும் உண்மையான விழா நாளாகும்.

நம் குழந்தைகள் சிரிக்கட்டும். அச்சிரிப்பில் அவர் வாழ்க!