விட்ட குறை தொட்ட குறை

பெரிய எஞ்சின் பூட்டிய மஸில் கார் என்றதும் அமெரிக்கர் மனதில் ஓடுவது பெரும்பாலும் இரண்டு கதவு வண்டி. ஆஸ்திரேலியரைக் கேட்டால், நான்கு கதவும் அகலமான பின்சீட்டும் கொண்ட குடும்பக் காரைக் கைகாட்டுவார். இரு நாட்டுக் கார்ப் பித்தர்களின் நட்பு இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

அமெரிக்கக் கதை வழக்கமாக 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்து சொல்லப்படும். நடுத்தரக் காரில் பெரிய எஞ்சின் கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. பான்டியாக் பொறியாளர் ஜான் டிலோரியனும் சகாக்களும் அதற்கு ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் கார் வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாக 389 கன அங்குல வி-8 எஞ்சினை விற்றார்கள். இளைஞர்கள் மொய்த்தார்கள். சிக்னலில் பச்சை விழுந்ததும் கால் மைலை யார் முதலில் தாண்டுவது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வி. டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூ இரவு நேரங்களில் அதற்கே பேர்போனது. வளைவில் வண்டி எப்படித் திரும்பும், பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பதெல்லாம் பிற்பாடு.

ஆஸ்திரேலியாவில் அப்படிப் பிற்பாடு பார்த்துக்கொள்ள முடியாது. அங்கே தீர்ப்பு சொல்வது பாதர்ஸ்ட் மலை. அங்குள்ள மவுன்ட் பனோரமா பந்தயப் பாதை ஒரு சுற்றுக்கு 6.2 கிலோமீட்டர், உச்சிக்கும் அடிக்கும் 174 மீட்டர் உயர வித்தியாசம். அன்று அதில் 500 மைல் ஓட வேண்டியிருந்தது, அதுவும் ஷோரூமில் விற்கும் மாடலைக் கொண்டே. பந்தயத்தில் ஜெயிக்க நினைத்த நிறுவனம் அந்த வெறியைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டியிருந்தது. 1967-இல் ஃபோர்டின் ஃபால்கன் ஜி.டி. வென்றது. அடுத்த இரண்டு ஆண்டும் ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலியக் கிளையான ஹோல்டனின் மொனாரோ. அது இரண்டு கதவுதான், எஞ்சினோ அமெரிக்க செவர்லே. 1971-இல் ஆலன் மொஃபட் ஓட்டி வென்ற ஃபால்கன் ஜி.டி.ஹெச்.ஓ. ஃபேஸ் த்ரீ, 351 கன அங்குல எஞ்சினோடு மணிக்கு 225 கிலோமீட்டரைத் தாண்டியது. பின்சீட்டில் மூன்று பிள்ளைகளை உட்கார வைக்கலாம். செய்தது 300 மட்டுமே. அந்தக் காலத்தின் மிகத் துணிச்சலான கார் எது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்க மஸ்டாங் அன்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டு நாட்டிலும் அந்த ஆட்டம் அடங்கியது, ஆனால் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கட்டணமும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் மெல்ல நெரித்தன. 1973 எண்ணெய் நெருக்கடி முடித்துவைத்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு தலைப்புச் செய்தி போதுமாக இருந்தது. மணிக்கு 160 மைல் ஓடும் கார்கள் தெருவுக்கு வரப்போகின்றன என்று 1972 ஜூனில் சிட்னி ஞாயிறு இதழ் ஒன்று எழுதியது. அமைச்சர்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே நிறுவனங்கள் தங்கள் திட்டங்களைச் சுருட்டிக்கொண்டன.

அமெரிக்கா கைவிட்டதை ஆஸ்திரேலியா பலமுறை எடுத்து வளர்த்திருக்கிறது. ஃபால்கன் என்ற பெயர் அமெரிக்காவில் 1970-இல் முடிந்தது. மெல்போர்னில் 2016 வரை ஓடியது. 351 கிளீவ்லண்ட் எஞ்சினை அமெரிக்க ஃபோர்டு 1974-இல் நிறுத்தியபின் ஜீலாங் ஆலை தொடர்ந்து வார்த்தது. இத்தாலிய பன்டேரா ஸ்போர்ட்ஸ் காருக்குக்கூட அங்கிருந்து எஞ்சின் போனது. கிரைஸ்லர் அமெரிக்காவில் லாரிக்கென்று தொடங்கிக் கிடப்பில் போட்ட ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் ஆஸ்திரேலிய வேலியன்ட் சார்ஜருக்குள் உறுமியது.

ஆனால் இந்த நட்பு வெகுகாலம் ஒருவழிப் பாதை. ஆஸ்திரேலிய ரசிகருக்கு அமெரிக்க எஞ்சின்களின் கன அங்குலக் கணக்கு மனப்பாடம். அமெரிக்கரில் பலர் ஆஸ்திரேலிய வண்டி ஒன்றைக் கவனித்ததே 'மேட் மேக்ஸ்' படத்தின் கறுப்பு ஃபால்கன் வந்த பிறகுதான். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தாலும் பரவாயில்லை என்று அதைப் போலவே கட்டிக்கொள்ள ஆஸ்திரேலியாவிலிருந்து பழைய கூண்டுகளைக் கப்பலில் வரவழைத்தவர்கள் உண்டு.

2004-இல் காற்று திரும்பியது. தெற்கு ஆஸ்திரேலியாவின் எலிசபெத் ஆலையில் செய்த மொனாரோ, பான்டியாக் ஜி.டி.ஓ. என்ற அந்தப் பழைய பெயரிலேயே அமெரிக்கா போனது. ஓட்டம் பிரமாதம், முகத்தில்தான் களை இல்லை என்றார்கள். மூன்று ஆண்டில் நின்றது. அமெரிக்க செவர்லேயின் 2010 மாடல் கமாரோவுக்கான பொறியியல் பணியையும் ஹோல்டன்காரர்களே முன்நின்று செய்தார்கள்.

அந்த உறவெல்லாம் ரசிகர்களிடமும் பொறியாளர்களிடமும் இருந்தது, கணக்குப் புத்தகத்தில் இல்லை. எலிசபெத் ஆலை 2017 அக்டோபரில் மூடப்பட்டது. ஹோல்டன் என்ற பெயரையே 2020-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஓய்வுபெற வைத்தது. ஃபால்கனும் ஹோல்டனும் மோதிய பாதர்ஸ்டில் 2023 முதல் மஸ்டாங்கும் கமாரோவும் மோதத் தொடங்கின. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா கமாரோ உற்பத்தியை நிறுத்தியது. 2024 பாதர்ஸ்டில் வென்றது கமாரோ.