பருத்தி வயலும் வாக்குச் சாவடியும்

மிசிசிப்பி என்னும் பெயரை நம் மாணவர்கள் முதலில் ஓர் ஆற்றின் பெயராகவே அறிகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் அப்பேராற்றின் கீழைக் கரையில் அதே பெயருடைய மாநிலம் ஒன்று உண்டு. அம்மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மிசிசிப்பிக்கும் யாசூ என்னும் சிற்றாற்றுக்கும் இடையே கிடக்கும் சமவெளியை அங்குள்ளார் 'டெல்டா' என்பர். ஆறு கடலிற் கலக்கும் இடம் அன்று அது. கடல் அங்கிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. வெள்ளம் கொணர்ந்து குவித்த வண்டல் நிலமே அது. பருத்திக்கு அதனினும் ஏற்ற மண் உலகில் அரிது. ஆயினும், அமெரிக்க மக்களுள் மிக வறியோர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவதும் அம்மண்ணின்மேல்தான்.

மண் வளமானது; நாடு செல்வம் மிக்கது; தேர்தல்கள் தவறாமல் நடைபெறுகின்றன. அங்ஙனமாயின் வறுமை ஏன் இத்துணைக் காலம் நிலைத்து நின்றது? இவ்வினாவிற்கு விடையாகச் சிலர் ஒரு கட்சியைச் சுட்டுவர். வேறு சிலர் மற்றொரு கட்சியைச் சுட்டுவர். இரண்டு கட்சிகளும் அங்கே நெடுங்காலம் தனித்தனியே ஆண்டு பார்த்துவிட்டன. ஆதலின் கட்சிகளின் பெயரைச் சற்றே ஒதுக்கி வைத்து, வாக்குச் சாவடியின் வாயிலில் யார் உள்ளே சென்றனர், யார் திருப்பி அனுப்பப்பட்டனர் என்று பார்ப்பது பயனுடையதாகும்.

1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் லிங்கனின் கட்சியாகிய குடியரசுக் கட்சியைச் சார்ந்தனர்; பண்ணை முதலாளிகளான வெள்ளையர் ஜனநாயகக் கட்சியில் திரண்டனர். இக்கால அமெரிக்கச் செய்திகளைப் படிப்போர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். அக்கட்சிகள் இடம் மாறிய கதையைப் பின்னர்க் காண்போம். மிசிசிப்பி மக்களுள் அந்நாளிற் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். ஆகவே சில ஆண்டுகள் அவர்தம் வாக்கே அரசை அமைத்தது. 1870இல் ஹைரம் ரெவல்ஸ் என்பார் அம்மாநிலத்தின் சார்பில் செனட் என்னும் மேலவையில் அமர்ந்தார். அவ்வவையில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. மாநிலமெங்கும் பொதுப் பள்ளிகள் தோன்றியதும் அக்காலத்திலேதான். 1875ஆம் ஆண்டுத் தேர்தலில் துப்பாக்கி ஏந்திய கூட்டங்கள் வாக்காளரை அச்சுறுத்தி விரட்டின, ஆட்சி கைமாறியது.

துப்பாக்கியை என்றும் நம்பியிருக்க இயலாது என்று வென்றவர்கள் உணர்ந்திருந்தனர். 1890 ஆகஸ்டு மாதம் ஜாக்சன் நகரில் புதிய அரசமைப்பை வகுக்க ஒரு மாநாடு கூடியது. உறுப்பினர் 134 பேர். அவர்களுள் கறுப்பினத்தவர் ஒருவரே. ஐசையா மாண்ட்கோமரி என்னும் அவர் டெல்டாவில் மவுண்ட் பாயு என்ற ஊரை நிறுவியவர். தம் இனத்தாருட் பெரும்பாலோர் வாக்கிழப்பர் என்று அறிந்தும், இனப்பகை அதனால் தணியும் என நம்பிப் புதிய விதிகளை ஆதரித்தார். பகை தணியவில்லை.

அவ்விதிகளின் நுட்பம் ஊன்றி நோக்கத்தக்கது. நிறத்தைப் பற்றிய சொல் ஒன்றும் அவற்றில் இல்லை. வாக்களிக்க விரும்புவோன் ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி கட்டவேண்டும். மாநிலத்தில் இரண்டாண்டும், தன் தேர்தல் வட்டத்தில் ஓராண்டும் குடியிருந்திருக்க வேண்டும். அரசமைப்பின் ஒரு பிரிவைப் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் பொருள் கூறவோ வேண்டும். அவன் கூறிய பொருள் சரியா என்று தீர்ப்பவர் பதிவு அலுவலர். 1894இல் பஞ்சு விலை இராத்தலுக்கு ஐந்து சென்டுக்கும் கீழே இறங்கியது. எனவே 2 டாலர் என்பது நாற்பது இராத்தலுக்கு மேற்பட்ட பஞ்சின் விலை. நிலமற்ற உழவனுக்கு அது சிறு தொகை அன்று. 1892இல் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பினத்தவர் ஏறத்தாழ 8,600 பேர்; வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின ஆடவரோ 1,47,000க்கு மேற்பட்டோர். ஏழை வெள்ளையரும் பல்லாயிரவர் பட்டியலினின்று நீங்கினர். இவ்வுண்மை பலராலும் மறக்கப்படுவது. 1898இல் நாட்டின் உச்சநீதிமன்றம், விதிகள் சொல்லளவில் எவ்வினத்தையும் பிரிக்கவில்லை என்று கூறி அவற்றை ஏற்றுக்கொண்டது.

குடியிருப்புக் காலத்தைப் பற்றிய விதி ஏன் புகுந்தது என்பதை அறிய, வயலுக்குள் இறங்கவேண்டும். அடிமை முறை ஒழிந்தபின் டெல்டாவில் வாரச் சாகுபடி பரவியது. நிலமும் கோவேறு கழுதையும் விதையும் குடிசையும் முதலாளி தருவார், உழைப்பு உழவனுடையது, விளைவிற் பாதி அவனுக்கு. அறுவடை வரையில் வேண்டிய மாவும் பன்றியிறைச்சியும் துணியும் பண்ணைக் கடையிற் கடனாகக் கிடைக்கும். விலையையும் வட்டியையும் எழுதும் பேரேடு முதலாளியின் கையில் இருக்கும். ஆண்டிறுதியில் கணக்குத் தீர்க்கும் நாளன்று, பாதி விளைவையும் கடனுக்கு ஈடுசெய்துவிட்டு, இன்னும் பாக்கி உண்டு என்பதைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியோர் மிகப் பலர். வாதாடினால் வெளியேற வேண்டும்; வாதாடாதவரும் வேறிடத்திலேனும் நியாயம் கிடைக்காதா என்று குளிர்காலத்தில் மூட்டை கட்டினர். இவ்வாறு ஊர் மாறுவோன் ஓராண்டுக் குடியிருப்பை எங்ஙனம் காட்டுவான்? பேரேடு அவனை ஊர்விட்டு ஓட்டியது. ஓடியவனின் வாக்கைச் சட்டம் பறித்தது.

இதன்பின் அம்மாநிலத்தில் கட்சி என்பது ஒன்றே. ஜனநாயகக் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வே உண்மையான தேர்தலாயிற்று. அதிற் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. 1936இல் ரூஸ்வெல்ட் அங்கே நூற்றுக்கு 97 வாக்குகள் பெற்றார் என்றால் போட்டியின் நிலையை உய்த்துணரலாம். கிழக்கு மேட்டு நிலங்களில் சிறு காணி வைத்திருந்த வெள்ளை உழவர்க்கும் குறைகள் இல்லாமல் இல்லை. டெல்டா முதலாளிகள்மீதும் இரயில்வே கம்பெனிகள்மீதும் அவர்கள் கொண்ட சினம் நியாயமானதே. ஆனால் அச்சினத்தை ஏறி அமர்ந்த தலைவர் யார்? 1903இல் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜேம்ஸ் வார்டமன், அவருக்குப் பிற்காலத்தில் வந்த தியடோர் பில்போ முதலியோர். வார்டமன் சில நன்மைகளும் செய்தார். கைதிகளைத் தனியார்க்கு வாடகைக்கு விடும் கொடுமையை ஒழிக்க முயன்றார். ஆயினும் மேடையில் அவர் விற்ற சரக்கு இனவெறுப்பே. கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்குப் பணம் செலவிடலாகாது என்பது அவர் கொள்கை. தென்மாநில அரசியலை ஆராய்ந்து 1949இல் பெருநூல் ஒன்று வெளியிட்ட வி. ஓ. கீ என்னும் அறிஞர், நிலையான எதிர்க்கட்சி இல்லாத இடத்தில் ஆட்களைச் சுற்றியே குழுக்கள் அமைந்து கலைகின்றன என்றும், அக்குழப்பத்தில் நெடுங்காலம் இழப்போர் இல்லாதவரே என்றும் காட்டினார். இதுகாறும் எவரும் இதனை முற்றாக மறுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

போட்டியின்மையின் பயன் வாஷிங்டன் வரையிலும் எட்டியது. எதிர்ப்பின்றி மீண்டும் மீண்டும் வருபவர்க்கே மூப்பு முறையில் குழுத் தலைமை கிடைக்கும். சன்பிளவர் மாவட்டத்திற் பெரும் பண்ணை உடைய ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டு 1956 முதல் 1978 வரை செனட்டின் நீதிக்குழுத் தலைவராக வீற்றிருந்தார். குடியுரிமை மசோதாக்கள் செல்லவேண்டிய வழி அக்குழுவே. 1935ஆம் ஆண்டின் முதியோர் காப்புச் சட்டமும், 1938ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வயல் தொழிலாளரை விட்டுவிட்டன. தென்மாநில உறுப்பினரின் செல்வாக்கே இதற்குக் காரணம் என்பர் பலர். சிதறிக் கிடப்போரிடம் சந்தா தண்டுவதன் இடர்ப்பாடே காரணம் என்பாரும் உளர். காரணம் எதுவாயினும், 1938இல் ரூஸ்வெல்ட் நாட்டின் தலையாய பொருளாதாரச் சிக்கல் என்று குறிப்பிட்ட தெற்கிலேதான் அவ்விடுபாட்டின் சுமை மிகுதியாக விழுந்தது.

1944இல் கிளார்க்ஸ்டேல் அருகே ஒரு பண்ணை, விதைப்பு முதற் பஞ்செடுப்பு வரை முழுவதையும் எந்திரத்தாற் செய்து காட்டியது. அதுவரை முதலாளிக்கு உழவனின் உழைப்பேனும் தேவைப்பட்டது. இனி அதுவும் வேண்டா. இலட்சக்கணக்கானோர் சிகாகோ போன்ற வடநகரங்களுக்கு இரயிலேறினர். எஞ்சியோர் குளிர்காலத்தில் அரசு வழங்கும் மாவையும் அரிசியையும் நம்பி வாழ்ந்தனர். 1962இல் லெஃப்ளோர் மாவட்டத்தில் இளைஞர்கள் கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதியத் தூண்டியபோது, மாவட்ட ஆட்சிக் குழு அவ்வுணவு வழங்கலை நிறுத்திற்று. ஏறத்தாழ 22,000 பேர் அதனை நம்பியிருந்தனர். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டின் மிகுதிக் கோதுமை நம் துறைமுகங்களுக்கு வந்திறங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அதே ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், சன்பிளவர் மாவட்டத்தில் பதினெண்மர் ஒரு பழைய பேருந்தில் இண்டியனோலா நகரின் நீதிமன்றக் கட்டடத்திற்குச் சென்றனர். அவர்களுள் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். வாரக் குடியானவரின் இருபதாவது குழந்தை. ஆறு வயதிலிருந்து பஞ்செடுத்தவர். அப்போது ஒரு பண்ணையில் பதினெட்டாண்டு வேலை செய்திருந்தார். அரசமைப்பின் ஒரு பிரிவுக்குப் பொருள் எழுதச் சொன்னார்கள். எழுத இயலாமல் திரும்பினார். அன்றிரவே பண்ணையைவிட்டு அவர் வெளியேற்றப்பட்டார்; கணவரோ அறுவடை முடியும்வரை அங்கேயே இருக்கவேண்டியதாயிற்று. 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கட்சி மாநாட்டில் அவர் கூறிய சாட்சியத்தை நாடே தொலைக்காட்சியிற் கண்டது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. அதற்குமுன் மிசிசிப்பியில் நூற்றுக்கு 7 கறுப்பினத்தவர்கூடப் பதிவு பெறவில்லை. ஈராண்டில் அது 60ஐ நெருங்கியது.

இனி வறுமைக் கணக்கைப் பார்ப்போம். 1959இல் மிசிசிப்பி மக்களுள் நூற்றுவரில் 54 பேர் வறுமைக் கோட்டின்கீழ் இருந்தனர். 1969இல் 35, 1979இல் 24. பின்னர் அவ்விறக்கம் தளர்ந்தது, 1999இல் 20. வாக்குரிமையே இவ்வளவையும் சாதித்தது என்று கூறுவது மிகையாகும். ஏழைகள் வெளியேறினர், முதியோர் உதவித்தொகை உயர்ந்தது, உணவு முத்திரைகள் வந்தன, ஆலைகள் சில தோன்றின. ஆயினும் வாக்கின் பங்கை வீதிகளிலே காணலாம். டெல்டாவிலுள்ள ஷா என்னும் சிற்றூரில், தளம் போடாத தெருக்களில் இருந்த வீடுகளுள் நூற்றுக்கு 98 கறுப்பினத்தவருடையவை என்று கண்டு, சமமாக வசதி செய்யுமாறு மேல் முறையீட்டு நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. 1982இல் கவர்னர் வில்லியம் விண்டர் சட்டமன்றத்தைச் சிறப்பாகக் கூட்டி, மாநிலமெங்கும் மழலைப் பள்ளிகள் அமைக்கச் சட்டம் இயற்றுவித்தார். வாக்கு இல்லாதவர்க்காக அத்துணைப் பாடுபட எந்த அரசுக்கும் தூண்டுதல் இராது.

இக்காலத்திலேயே கட்சிகள் இடம் மாறின. குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்டுவாட்டருக்கு 1964இல் மிசிசிப்பி நூற்றுக்கு 87 வாக்குகளை அளித்தது. ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சி அங்கே கடைசியாக வென்றது 1976இல். 1991இல் கவர்னர் பதவியும், 2011இல் சட்டமன்றக் கீழவையும் குடியரசுக் கட்சியின் வசமாயின. இன்று வெள்ளையர் பெரும்பாலும் ஒரு கட்சியிலும், கறுப்பினத்தவர் பெரும்பாலும் மற்றதிலும் நிற்கின்றனர். ஏழை வெள்ளையனும் ஏழைக் கறுப்பனும் எதிரெதிர் வரிசையில் நிற்பதால், மாநில அளவில் முடிவு பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

இது மிசிசிப்பிக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணவேண்டா. பெரும்பாலும் வெள்ளையரே வாழும் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் ஆதரவால் ஜனநாயகக் கட்சி எண்பதாண்டுக்கு மேல் சட்டமன்றத்தை ஆண்டது. 2014இல் அது மாறியது. அங்குள்ள மக்டவல் மாவட்டத்தில் 1950இல் ஏறத்தாழ இலட்சம் பேர் வாழ்ந்தனர். 2020இல் இருந்தவர் 19,000 பேர். முன்னைய ஆட்சியிலும் பின்னைய ஆட்சியிலும் அம்மாவட்டம் வறியதே.

மிசிசிப்பியின் அண்மைக் கணக்கு நன்மையும் தீமையும் கலந்தது. 2013இல் இயற்றிய வாசிப்புச் சட்டத்திற்குப் பின் நான்காம் வகுப்பு மாணவரின் வாசிப்புத் திறன் வியக்கத்தக்கவாறு உயர்ந்து, 2019இல் நாட்டின் சராசரியை எட்டியது. ஒரு கட்சி ஆட்சியிலும் நல்லது நடக்கலாம் என்பதற்கு இது சான்று. மறுபுறம், ஏழைக் குடும்பங்களுக்கென்று மத்திய அரசு தந்த பணத்தில் 7 கோடியே 70 இலட்சம் டாலர் முறைகேடாகச் செலவாயிற்று என்று மாநிலத் தணிக்கை வெளிப்படுத்தியது. அதில் ஒரு பகுதி பல்கலைக்கழகக் கைப்பந்து அரங்கம் கட்டச் சென்றது. ஏழையர் மருத்துவ உதவியை விரிவாக்க 2024இல் சட்டமன்றத்தின் ஈரவைகளும் தனித்தனியே மசோதா நிறைவேற்றின. உடன்பாடு காணாமையால் இரண்டும் வீழ்ந்தன.

ஹேமர் அம்மையார் தம் இறுதி ஆண்டுகளில் ஏழைகள் கூடி உழும் கூட்டுப்பண்ணை ஒன்றைத் தொடங்கினார். பணமின்றி அது நிலைக்கவில்லை. 1977 மார்ச் 14ஆம் நாள் மவுண்ட் பாயு மருத்துவமனையில் காலமானார். 1890ஆம் ஆண்டு மாநாட்டில் தனியொருவராக அமர்ந்திருந்த மாண்ட்கோமரி நிறுவிய ஊர் அது. தலைவரியும் பொருள் கூறும் சோதனையும் நீங்கிவிட்டன. ஆனால் அன்று வகுத்த அதே அரசமைப்புத்தான், பல திருத்தங்களோடு, இன்றும் அம்மாநிலத்தில் நடைமுறையில் உள்ளது.