கிச்சன் வயரிங்கும் பைக்காரா தண்ணியும்

போன மாசம் குன்னூர் வீட்டு சமையலறையை மாத்திக் கட்ட ஆரம்பிச்சேன். கல் மேடை, ஷெல்ஃப், டைல்ஸ் எல்லாம் நினைச்ச பட்ஜெட்டுக்குள்ள அடங்கிடுச்சு. கடைசியா எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். சுவரைத் தட்டிப் பாத்துட்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். 38,500 ரூபாய். அதுல கூலி மட்டும் 15,000!

"ஏன் தம்பி, நாலு பாயிண்ட் சேக்கறதுக்கா இவ்வளவு?"

அவர் பதில் சொல்லலை. ஸ்டூல் போட்டு ஏறி பழைய சுவிட்ச் போர்டைக் கழட்டிக் காட்டினார். தேக்கு ரீப்பர் மேல கிளிப் அடிச்ச வயரிங். உள்ளே அலுமினிய வயர், ஒரு முனை கருகியிருந்துச்சு. எர்த் வயர்னு ஒண்ணு இல்லவே இல்லை. "ஃப்ரிட்ஜைத் தொட்டா சுர்ருங்குதுன்னு அம்மா சொன்னாங்களே, அது இதுதாங்ணா."

அம்மா அதைச் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு மக்களே. ரப்பர் செருப்புப் போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டு நான் என் வேலையைப் பாக்கப் போயிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. மின்சாரம் கொட்டுற மலையில இருந்துக்கிட்டு இப்படி ஒரு வயரிங்கான்னு தோணிச்சு. அதான் இந்தக் கொசுவத்தி.

இந்தியாவில் முதன்முதலா தண்ணியிலிருந்து மின்சாரம் எடுத்தது 1897-ல், டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங்கில். அது ஊருக்கு வெளிச்சம் கொடுக்க. 1902-ல் வந்த சிவசமுத்திரம் கோலார் தங்கச் சுரங்கத்துக்காக. நம்ம மலையும் பின்தங்கலை. காட்டேரி அருவியில் எடுத்த கரண்ட், அருவங்காடு கார்டைட் ஃபேக்டரிக்குப் போச்சு. தங்கத்துக்கு ஒண்ணு, வெடிமருந்துக்கு ஒண்ணு. அடுப்படியைப் பத்தி அப்போ யார் யோசிச்சா?

பெரிய ஆட்டம் பைக்காராதான். முக்கூர்த்தி பக்கம் பிறக்கிற ஆறு, தோடர்களுக்குப் புனிதமானது. சர் சி.பி. ராமசாமி ஐயர் சென்னை அரசாங்கத்தில் இருந்தப்போ இந்தத் திட்டத்துக்கு முன்னின்று உழைச்சார். 1932-ல் சிங்காரா பவர் ஹவுஸ் ஓட ஆரம்பிச்சது. கிளென்மார்கன் பக்கத்திலிருந்து மூவாயிரம் அடிக்கு மேல குழாய்க்குள்ளயே தண்ணி விழுது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய உயரங்கள்ல அது ஒண்ணு.

கரண்ட் எங்கே போச்சு? நேரா மலையிறங்கி கோயமுத்தூருக்கு. 1930-களில் அங்கே மில்கள் பெருகினதுக்கு பைக்காரா ஒரு முக்கியக் காரணம். மில்லு வந்ததும் பட்டறை வந்துச்சு. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவிலேயே செஞ்ச முதல் மின் மோட்டாரைக் கொண்டு வந்தாங்க. 1955-ல் பி. சபாபதி அங்கேயே வெட் கிரைண்டர் செஞ்சார். ஆக, மலைத்தண்ணி கரண்டாகி, மில்லாகி, மோட்டாராகி, கடைசியில கிரைண்டராகி மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி திரும்ப எங்க வீட்டுக்கே வந்துடுச்சு :-)

குந்தா கதையும் கிட்டத்தட்ட இதேதான். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோட, 1960-லிருந்து அங்கேயும் மின்சாரம் வர ஆரம்பிச்சது. அதுலயும் பெரும்பங்கு கீழ்நாட்டுக்குத்தான்.

எங்க வீட்டு வயரிங் எழுபதுகள்ல போட்டது. அப்போ செம்பு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, எங்க பாத்தாலும் அலுமினியம்தான். அலுமினியம் சூடேறி ஆறி ஸ்குரூவில் தளர்ந்துடும், மேல ஒரு படலம் வேற படியும். அப்புறம் அந்த முனை இன்னும் சூடாகும். நான் பாத்த கருக்கல் அப்படி வந்ததுதான். அந்த உருண்டை முள் பிளக் இருக்கே, அது 1934-ல் வெள்ளைக்காரன் வகுத்த அளவு. 1947-ல் அவனே அதை விட்டுட்டு சதுர முள்ளுக்குப் போயிட்டான். நாம 5 ஆம்பியர், 15 ஆம்பியர்னு அதையே பிடிச்சுக்கிட்டோம், இப்போ பேர் மட்டும் 6, 16. 230 வோல்ட்டில் 5 ஆம்பியர்னா 1,150 வாட். ரெண்டு பல்பும் ஒரு ரேடியோவும் இருந்த வீட்டுக்கு அது ஏராளம். இன்னிக்கு இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே 2,000 வாட். மலையில கீசர் இல்லாம ஆகாது, அது தனி.

மறுநாள் தம்பி சுவரைக் குடைஞ்சுக்கிட்டே பேசினார். ரெண்டடிக் கருங்கல் சுவர், ஒரு நாளைக்கு ஆறடி போனாலே பெரிசு. கூலி ஏன் அவ்வளவுன்னு அப்பத்தான் புரிஞ்சது. அவர் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவர். "ஃபேக்டரியில ராவெல்லாம் ரோலர் ஓடும்ணா, லைட்டு பளபளன்னு எரியும். எங்க லைன்ல சீமெண்ணெய் விளக்குதான். நான் அஞ்சாவது படிக்கறப்பத்தான் கரண்ட் வந்துச்சு. வீட்டுக்கு ஒரே பல்பு." 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிதண்ணி, வைத்தியம், வீடு, குழந்தைக் காப்பகம்னு ஒவ்வொண்ணுக்கும் தனிப் பிரிவு வெச்சிருந்துச்சு. மின்சாரத்துக்குன்னு ஒரு பிரிவு அதில் இருந்ததில்லை. 2011-ல் அரசாங்கம் இலவச மிக்ஸி, கிரைண்டர் கொடுக்க ஆரம்பிச்சப்போ, அவங்க லைன்ல பல பேர் பல்ப் ஹோல்டர்லேருந்து வயர் இழுத்துத்தான் மாவாட்டினாங்களாம். அதையெல்லாம் பிரிச்சு ஒழுங்காப் போட்டுக் கொடுத்துத்தான் தம்பி தொழிலே கத்துக்கிட்டார்.

அதுக்கப்புறம் நான் பேரம் பேசலை.

எட்டு நாள் வேலை. கீசருக்கு 4 ஸ்கொயர் வயர், மத்ததுக்கு 2.5, எல்லாம் செம்பு. வெளியில எர்த் குழி. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. ஒண்ணு. மெயின் பெட்டியும் மாத்த வேண்டியிருந்ததால, பில் 41,200-ல் வந்து நின்னுச்சு. தம்பி டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டிட்டு, "பாட்டி, இப்ப தொட்டுப் பாருங்க"ன்னார். அம்மா என்னை ஒரு பார்வை பாத்துட்டு, செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போனாங்க.