பாலாடைக்கட்டி

சீஸுக்குத் தமிழில் வழங்கும் பெயர். பால், ஆடை, கட்டி என்னும் மூன்று சொற்கள் சேர்ந்தது. ஆடை, காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படியும் ஏடு. (பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குக் கிண்ணமும் பாலாடைதான், அது வேறு.) ஆனால் சீஸ் ஏட்டிலிருந்து வருவதில்லை. பாலிலுள்ள கேசின் என்ற புரதம், புளிப்பாலோ கன்றின் இரைப்பையில் கிடைக்கும் ரென்னட்டாலோ திரண்டு உருவாவது அது. பெயர் அழகு, பொருத்தம் குறைவு.

பால் மாறினால் பதமும் மாறும். எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம். அதில் செய்த பன்னீர் பசும்பால் பன்னீரைவிடக் கெட்டியாக நிற்கும். பன்னீர் என்பதே பாரசீகச் சொல். இத்தாலியில் அதே எருமைப்பாலைத் திரளவைத்து, அந்தத் திரளை வெந்நீரில் இழுத்துப் பிசைந்து மிருதுவான மொசரெல்லா ஆக்குகிறார்கள். கிரேக்கத்தின் செம்மறிப்பால் ஃபெட்டா உதிரும். குறைந்தது 12 மாதம் முதிரும் பார்மெசானைத் துருவத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டின் பாடாலூர்ப் பக்கத்து வீடுகளில் இவற்றுக்கு நெருங்கிய உறவு சீம்பால். மாடு கன்று ஈன்றதும் கறக்கும் அந்தப் பாலை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்தால் துண்டு போடும் அளவுக்கு இறுகும். புளிப்பு எதுவும் வேண்டாம். அதில் மிகுந்துள்ள நோய் எதிர்ப்புப் புரதங்கள் சூட்டிலேயே கட்டிப்படும்.