இரு வழி, ஒரு குறிக்கோள்

ஊக்ளியாற்றின் மேல்கரையில் வாழும் நமக்கு வங்கமும் தமிழகமும் இரு கண்கள். அவ்விரு நாட்டு மாதர் தலைவியரும் ஒரே குறிக்கோளுக்கு உழைத்தும் வழியால் வேறுபட்ட வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

1930இல் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடிற்று. அதற்குச் சென்ற இந்தியப் பெண்மணிகள் இருவர்: பஞ்சாபின் பேகம் ஷா நவாஸ், திருச்செங்கோட்டையடுத்த குமாரமங்கலத்து ஜமீன் குடும்ப மருமகளான இராதாபாய் சுப்பராயன். பழைய வழக்கங்கள் பெண்ணை வீட்டினுள் அடைத்திருக்கும் நாட்டில் பொதுத் தேர்தலில் அவள் வெல்லுதல் அரிது. ஆதலின் தொடக்க காலத்திற்கேனும் சட்டமன்றங்களில் பெண்களுக்கெனச் சில இடங்கள் வேண்டும் என்பது இராதாபாய் அம்மையாரின் துணிபு.

வங்கக் குடியிற் பிறந்த சரோஜினி தேவியார் இதனை ஏற்றாரல்லர். சலுகை பெறுதல் சமத்துவத்திற்கே இழுக்கு. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையே வேண்டும் என்றார். முன்னர் இராதாபாயுடன் நின்ற ஷா நவாஸும் 1931இல் இரண்டாம் மாநாட்டில் சரோஜினியார் பக்கம் சேர்ந்தார். இராதாபாய் அம்மையாரோ தம் கொள்கையைக் கைவிட்டிலர்.

1935ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8ஐயும், வங்கத்தின் 250இல் 5ஐயும் பெண்களுக்கு ஒதுக்கிற்று. எனினும் 1947இல் அரசியல் நிர்ணய சபையில் வங்கத்து ரேணுகா ராய் தனியிடம் வேண்டா என்றே உரைத்தார். 1950இல் அனைவர்க்கும் வாக்குரிமை உறுதியாயிற்று, தனியிடம் மறைந்தது.

வாக்குரிமை வந்தும் மன்றங்களில் பெண்கள் மிகச் சிலராகவே இருந்தனர். 1974இல் பெண்கள் நிலையை ஆராய்ந்த அரசுக் குழுவின் பெரும்பான்மையோர் சட்டமன்ற ஒதுக்கீட்டை மறுத்தனர். வங்கப் பெண்மணியரான வீணா மஜும்தாரும் லோதிகா சர்க்காரும் அதற்கு மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினர். 1992இல் உள்ளாட்சி மன்றங்களில் மூன்றிலொரு பங்கு ஒதுக்கப்பட்டது. 2023இல் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் அவ்வாறே சட்டம் நிறைவேறிற்று. இராதாபாய் அம்மையார் கேட்ட வழிக்கே நாடு திரும்பிற்று எனலாம்.

ஆயின் சரோஜினியார் கூறியது பிழையென்று தள்ளுவோமா? தன்மதிப்பின்றிப் பெறும் இடம் அணிகலனே அன்றி ஆற்றலாகாது. அவ்வெச்சரிக்கை என்றும் வேண்டுவதே.

நம் சங்கத்திலும் இவ்வினா எழுகின்றது. செயற்குழுவில் மாதர்க்கு இடம் ஒதுக்குவதா, அவர்களே போட்டியிட்டு வரட்டும் என விடுவதா? கூட்டத்தை இரவில் வைத்து, விழாச் சமையலையும் அவர்களிடமே ஒப்படைத்து, "போட்டியிடலாமே" என்பது நேர்மையாகாது. முதலில் கதவைத் திறப்போம். பின்னர், வழி எதுவெனச் சகோதரியரே கூறட்டும். அதுவரை நாம் கேட்டிருப்போம்.