கரும்புள்ளியும் தாயகமும்

அருவ ஓவியத்துக்கு ஊருமில்லை, நாடுமில்லை என்பார் உளர். வட்டமும் சதுரமும் எல்லோர்க்கும் பொதுவன்றோ என்பது அவர்கள் வாதம். கண்ணின் இயல்பை மட்டும் நோக்கினால் இது பொய்யன்று. பாரிஸ் நகரத்துக் கோபலின் திரைச்சீலை ஆலையில் கறுப்பு நூல் மங்கித் தெரிகிறதென்று முன்பு ஒரு புகார் எழுந்தது. ஆராய்ந்த இரசாயன அறிஞர் செவ்ரேல், சாயத்தில் குறையில்லை, அண்டை நூலின் நிறமே காரணம் என்று கண்டார்; 1839-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். எந்நாட்டார் கண்ணும் இவ்விதிக்கு உட்பட்டதே.

ஆயின் அக்கறுப்பைக் கண்டதும் உள்ளத்தில் எழுவது யாது? ஸையத் ஹைதர் ரஸாவின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

ரஸா 1922-இல், இன்றைய மத்தியப் பிரதேசத்து மண்டலா வட்டாரத்தில் பிறந்தார். தந்தை வனத்துறை அலுவலர். காட்டின் இரவிருள் சிறுவனை அச்சுறுத்தியது. பள்ளியில் மனம் அலைபாய்ந்த அவனை ஆசிரியர் ஒருவர், சுவரில் ஒரு புள்ளியிட்டு அதையே உற்று நோக்குமாறு பணித்தார். 1947-இல் பம்பாயின் முற்போக்கு ஓவியர் குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ரஸாவும் ஒருவர். பிரிவினைக்குப் பின் உடன்பிறந்தார் பாகிஸ்தான் சென்றனர், அவர் செல்லவில்லை.

1950-இல் பாரிஸ் சென்று, 1956-இல் அங்குள்ள விமர்சகர்களின் பரிசையும் பெற்றார். கைத்திறனுக்குக் குறைவில்லை, எனினும், இவற்றில் என் இந்தியா எங்கே என்ற ஏக்கம் அவரை வாட்டிற்று. எழுபதுகளில் தாய்நாட்டுக்குப் பன்முறை வந்து சுற்றினார். 1980-ஐ ஒட்டி அந்தப் பழைய புள்ளி, 'பிந்து' என்னும் பெயருடன் திரையின் நடுவே பெருங்கரு வட்டமாக எழுந்தது. துக்கத்தின் நிறமென்று ஐரோப்பியர் கொள்ளும் கறுப்பு, அவருக்கு எல்லா நிறங்களையும் ஈன்ற தாய். 1981-இல் தீட்டிய ஓவியத்துக்கு 'மா' என்றே பெயரிட்டு, ஹிந்திக் கவிதை வரியொன்றையும் அதிலேயே எழுதினார்.

நாம் வழங்கும் 'அருவம்' என்ற சொல்லும் இங்கே எண்ணத்தக்கது. ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் பிரித்தெடுத்தல்; நம் சொல்லோ சைவ நூல்களில் இறைவனின் நிலைகளுள் ஒன்றைக் குறிப்பது. ரஸாவின் கறுப்பு வட்டத்துக்கு நம் சொல்லே பொருந்தும்.

பிற்காலத்தில் பிந்து அளவுக்குமீறித் திரும்பத் திரும்ப வந்து, வெறும் முத்திரையாகத் தேய்ந்ததும் உண்டு. அதை மறைப்பதற்கில்லை. காட்டிருள் இன்னும் கலந்துள்ள தொடக்க காலப் படங்களே வலிமை மிக்கவை.

அறுபது ஆண்டுகள் பிரான்ஸில் வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமையை அவர் விடவில்லை. 2010-இன் இறுதியில் டில்லிக்குத் திரும்பினார். 2016 ஜூலையில் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே மண்டலாவில், தந்தையின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தனர்.